'96 டியர்ஸ்' ஆல்பத்தை 'கராஜ் ராக்' என்று ஏன் சொல்கிறார்கள்?

பயிற்சி பெறாத இளைஞர்கள், வீட்டுக் கார் கொட்டகையில் ஒத்திகை பார்த்து, கையில் கிடைத்த கருவிகளைக் கொண்டு முரட்டுத்தனமாக வாசித்த ராக் இசைக்குப் பிற்காலத்தில் இடப்பட்ட பெயரே 'கராஜ் ராக்'. 'கொஸ்டியன் மார்க் அண்ட் தி மிஸ்டீரியன்ஸ்' என்ற அமெரிக்க ராக் குழு 1966-இல் வெளியிட்ட '96 டியர்ஸ்' ஆல்பம் அதற்குச் சிறந்த சான்று.

காரணம், அவர்களின் வாழ்க்கைச் சூழல். சர்க்கரை எடுக்கப் பயிரிடப்படும் பீட் கிழங்கு வயல்களில் கூலி வேலை தேடி டெக்சாஸிலிருந்து மிச்சிகன் மாநிலத்தின் சாகினா பகுதிக்குக் குடிபெயர்ந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். வசதியும் ஆசிரியரும் இல்லாததால் எளிமையே அவர்களின் பாணியாயிற்று. இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்பத் தெரு கிரிக்கெட் தன் விதிகளை அமைத்துக்கொள்வதைப் போன்றது இது. தலைப்புப் பாடலைக் கேளுங்கள்: ஃபிராங்க் ரோட்ரிகஸ் வாசிக்கும் சிறிய ஆர்கன் (விசைப்பலகை இசைக்கருவி) துணுக்கு, பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் பாடகர் பாதி பாட்டாகவும் பாதி மிரட்டலாகவும் பேசிச் செல்கிறார். அலங்காரம் எதுவும் இல்லை. என்னைப் பொறுத்தவரை அந்த வெறுமையே அதன் வலிமை. மிச்சிகனின் பே சிட்டி நகரில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான அப்பாடல், அக்டோபர் 1966-இல் அமெரிக்காவின் பிரபல பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

மெக்சிகோ வம்சாவளியினர் என்பதால் ஸ்பானியப் பாடல்களே இருக்கும் எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் இந்த ஆல்பத்தில் உள்ளவை ஆங்கிலப் பாடல்களே.