எழுதவில்லை, இயக்கவில்லை, பணமும் போடவில்லை!

கேள்வி: பிபிசியின் விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டைச் சென்ற இதழில் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தீர்கள். அவர் ஒரு வரி வசனம் எழுதவில்லை, ஒரு காட்சி இயக்கவில்லை, சொந்தப் பணமும் போடவில்லை. பிபிசி சம்பளத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவருக்கு எதற்கு இத்தனை பாராட்டு? 27 வயதில் அந்த நாற்காலி கிடைத்ததே பெண் என்ற சலுகையில்தானே?

பதில்: சலுகையை முதலில் பார்த்துவிடலாம். 1963-ல் பிபிசி நாடகப் பிரிவில் தயாரிப்பாளராக இருந்த ஒரே பெண் அவர், வயதிலும் எல்லோரையும்விட இளையவர். பெண்களுக்குச் சலுகை கொடுத்த இடமென்றால் இன்னும் நாலு பேராவது இருந்திருக்க வேண்டாமா? போதாததற்கு, நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன் முதலில் யோசித்ததே வேறு ஆட்களை. அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் இவர் பெயர் வந்தது. அதற்கு முன்னால் கிரனாடா என்ற தனியார் தொலைக்காட்சியில் செயலாளர் வேலை, ஆறு மாதத்தில் அங்கிருந்து நீக்கம், பிறகு பிரிட்டனின் இன்னொரு தனியார் தொலைக்காட்சியான ஏபிசியில் சுருக்கெழுத்து, தட்டச்சு என்று அடிமட்டத்திலிருந்து வந்தவர்.

“ஒரு காட்சி இயக்கவில்லை” என்கிறீர்கள். 30 நவம்பர் 1958 இரவைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். ஏபிசியில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற நாடகம் நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. பதிவு கிடையாது, நடிப்பது அப்படியே வீடுகளுக்குப் போய்விடும். பாதி நாடகத்தில் கரெத் ஜோன்ஸ் என்ற நடிகர் மாரடைப்பில் இறந்துபோகிறார். அவர் இல்லாமல் மீதிக் கதையை எப்படி ஓட்டுவது என்று நடிகர்களோடு பேச இயக்குநர் டெட் கோட்செஃப் தளத்துக்கு ஓடிவிட, மேலே கட்டுப்பாட்டு அறையில் எந்தக் கேமரா எப்போது என்று சொல்லி நாடகத்தை நடத்தியவர், அப்போது வெறும் தயாரிப்பு உதவியாளராக இருந்த இந்த லாம்பர்ட்தான். நியூமன் அப்போது ஏபிசியில் அந்த நாடகத் தொடருக்கே பொறுப்பாளர். பின்னால் பிபிசிக்குப் போனபோது இவரை நினைவில் வைத்திருந்ததில் என்ன ஆச்சரியம்?

அப்புறம் அந்தக் கையெழுத்து. சம்பளம் வாங்கும் தயாரிப்பாளரின் வேலை, எது வேண்டும், யார் வேண்டும் என்று முடிவு செய்து, அதற்காக மேலிடத்தோடு மல்லுக்கட்டுவது. ராணுவ அதட்டல் வேடங்களிலேயே பார்த்துப் பழகிய நடிகர் வில்லியம் ஹார்ட்னெலை, தொடரின் நாயகனான டாக்டராக, ஒரு விசித்திரமான தாத்தாவாக ஆக்கலாம் என்று தோன்றியது அவருக்கு. முதல் கதையின் இயக்குநர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன், வயது 24. ஒரு பெண், ஓர் இந்தியர், இரண்டு பேருமே இளையவர்கள். அந்தக் காலத்து பிபிசியில் எத்தனை புருவங்கள் உயர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முதலில் எடுத்துக் காட்டிய அத்தியாயத்தை நியூமன் திருப்பி அனுப்பினார், மறுபடி எடுத்தார்கள். அது 23 நவம்பர் 1963 அன்று ஒளிபரப்பானது, கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். உலகமே வேறு செய்தியில் இருந்ததால் அடுத்த சனிக்கிழமை அதே அத்தியாயத்தை இன்னொரு முறை போட்டுவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போனார்கள்.

டிசம்பரில் டாலெக்குகள் வந்தன, உலோகக் கூட்டுக்குள் இருந்துகொண்டு எதிர்ப்பட்டவர்களை அழிக்கும் வேற்றுக்கிரக ஜீவன்கள். விண்வெளிக் கதைகளின் வழக்கமான பூச்சிக்கண் பூதங்கள் கூடவே கூடாது என்பது நியூமனின் கண்டிப்பான உத்தரவு. தொடர் பிரிவின் தலைவர் டொனால்ட் வில்சனுக்கோ டெர்ரி நேஷன் எழுதிய அந்தக் கதையே பிடிக்கவில்லை. லாம்பர்ட் விடவில்லை. (கையில் தயாராக வேறு கதை இல்லை என்பதும் உண்மைதான், எல்லாவற்றையும் வீரம் என்று சொல்லிவிட முடியாது.) சில வாரங்களில் பிரிட்டிஷ் பிள்ளைகள் டாலெக் குரலில் கத்திக்கொண்டு திரிந்தார்கள். வில்சன் அதன் பிறகு குறுக்கே வரவில்லை.

நீங்கள் ‘டாக்டர் ஹூ’வோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அவருடைய பெரிய காலமாகத் தோன்றுவது அதற்குப் பிந்தையது. 1974-ல் தேம்ஸ் தொலைக்காட்சியின் நாடகப் பிரிவுக்குத் தலைவரானார். மறு வருடமே வந்தது குவென்டின் கிரிஸ்ப் என்பவரின் வாழ்க்கையைச் சொன்ன ‘தி நேக்கட் சிவில் சர்வன்ட்’. தன்பாலின உறவு சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில் ஒளியாமல் வாழ்ந்த ஒரு மனிதரின் கதையை, வீட்டுக் கூடத்தில் குடும்பமாகப் பார்க்கும் பெட்டியில் போடுவது 1975-ல் சின்னக் காரியமில்லை. கிரிஸ்பாக நடித்த ஜான் ஹர்ட்டுக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. தேம்ஸின் துணை நிறுவனமான யூஸ்டன் ஃபிலிம்ஸுக்குத் தலைமை நிர்வாகியானபோது ‘மைண்டர்’ தொடர், அப்புறம் 1983-ல் ‘விடோஸ்’. நடிகையாக இருந்த லிண்டா லா பிளான்ட் எழுதிய அந்தக் கதையில், கொள்ளையர்களின் விதவைகளே கொள்ளையடிக்கக் கிளம்புவார்கள். 2018-ல் ஸ்டீவ் மெக்வீன் அதைப் படமாக எடுத்தார். ஒரு நடிகைக்குள் இப்படியொரு எழுத்தாளர் இருப்பதைக் கண்டுகொண்டு முழுத் தொடரையும் நம்பிக் கொடுப்பதைத்தான் நீங்கள் கையெழுத்து என்கிறீர்கள்.

சறுக்கல்களும் உண்டு, மறைக்கவில்லை. தார்ன் இஎம்ஐ நிறுவனத்தில் திரைப்படப் பொறுப்பேற்ற மூன்று வருடங்கள் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. 1985-ல் சொந்தமாக சினிமா வெரிட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1992-ல் பிபிசிக்காகச் செய்த ‘எல்டோராடோ’தான் பெரிய அடி. ஸ்பெயினில் ஊர் மாதிரி தளமே கட்டி, வாரம் மூன்று நாள் ஓடிய தொடர். பத்திரிகைகள் கிழி கிழி என்று கிழித்தன, ஒரே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்த வசனங்களையும் அவர் எழுதவில்லை, காட்சிகளையும் இயக்கவில்லை. ஆனால் இன்றுவரை அந்தத் தோல்வியைச் சொல்கிறவர்கள் அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். உங்கள் கணக்குப்படி அது மட்டும் எப்படி நியாயம்?