ஏழு வருடமாக ஒரே ஒரு பட்டன்

கேள்வி: வணக்கம் மேடம். வயது 29, ஊர் விருதுநகர். சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் ஏழு வருடமாக இன்ஜினியர். மாசக் கடைசியில் டாண் என்று சம்பளம். போன வருடம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது கம்பெனி இன்சூரன்ஸ்தான் கட்டியது. குறை சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் என் வேலை என்ன தெரியுமா? ஒரு அமெரிக்க வங்கியின் பணம் அனுப்பும் திரையில் ஒரே ஒரு பட்டன். அதில் ஒரு சொல்லை மாற்ற நாலு பேர் அப்ரூவல், மூன்று வாரம். இரவு ஒன்பதரைக்கு கிளையண்ட் கால், நான் மியூட்டில் உட்கார்ந்திருப்பேன், அம்மா மூடி வைத்த தோசை ஆறி வறட்டியாகிக் கிடக்கும். காலேஜ் நண்பன் பன்னிரண்டு பேரோடு ஸ்டார்ட்அப் நடத்துகிறான், வாடா என்கிறான், சம்பளம் முக்கால்வாசிதான். அப்பா வேண்டாம் என்கிறார். அப்ரைசலில் மறுபடி நடு ரேட்டிங். நான் ஒன்றுக்கும் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது. போகட்டுமா?

பதில்: தம்பி, எனக்கு உறுத்தியது கடைசிக்கு முந்தைய வரிதான். பெரிய கம்பெனியில் வேலையைத் துண்டு துண்டாக்குவதே யார் போனாலும் வண்டி ஓட வேண்டும் என்பதற்காக. அதனால்தான் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்களால் லீவு போட முடிந்திருக்கும், அதனால்தான் நீங்கள் இல்லாதது யாருக்கும் தெரிந்தும் இருக்காது. ரேட்டிங்கும் பல இடங்களில் டீமுக்கு இத்தனை பேர் என்று பங்கு பிரிப்பதுதான், அதைத் தராசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நண்பனிடம் போனால் ராத்திரி சர்வர் படுக்கும்போது உங்களைத்தான் எழுப்புவார்கள், ஆறின தோசை அங்கேயும் உண்டு. உள்ளேயே வேறு டீம் கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. (மேனேஜரிடம் கேட்கக் கூச்சப்பட்டு நேராக ராஜினாமா எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.) கேட்டும் கிடைக்காவிட்டால் போங்கள், தப்பில்லை.

ஆனால் நோட்டீஸ் கொடுக்கும் முன் இன்சூரன்ஸைப் பாருங்கள். புதிதாகத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம், 2024 ஏப்ரலுக்கு முன் இது நான்கு வருடமாக இருந்தது. கம்பெனி எடுத்துத் தந்த குரூப் பாலிசியைக் கொடுத்த அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால் பழைய வருடங்கள் கணக்கில் வரும். அப்பா வேண்டாம் என்பதே இந்தப் பயத்தில்தானோ என்னவோ, உட்கார்ந்து கேளுங்கள்.

அப்புறம், தூக்கம் எப்படி என்று எழுதவே இல்லையே. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், எதையும் முடிவு செய்யும் முன் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.