சர்வர் சந்தேகங்கள்: ரீபூட் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே வரிதான்: "ரீபூட் பண்ணேன் சார், சரியாயிடுச்சு, ஆனா மறுபடி வருது." ரீபூட் பண்ணா கோளாறோட சேத்து தடயமும் போயிடும்ங்க. சரி, கேள்விக்குப் போவோம்.

திருப்பூர் வாசகர்: ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியோட ஆர்டர் சாப்ட்வேர் ஓடற உபுண்டு சர்வரைப் பாத்துக்கறேன் சார். 40 ஜிபி டிஸ்க். டிஎஃப் (டிஸ்க்ல எவ்ளோ இடம் இருக்குன்னு சொல்ற கமாண்ட்) அடிச்சா 100 சதவீதம் ஃபுல்லுங்குது. டியூ அடிச்சு ஃபோல்டர் ஃபோல்டரா கூட்டினா 17 ஜிபிதான் வருது. பெரிய லாக் ஃபைலை (சாப்ட்வேர் நடந்ததையெல்லாம் குறிச்சு வெக்கற ஃபைல்) ஆர்எம் போட்டு அழிச்சுட்டேன், ஒரு எம்பி கூட குறையல. ரீபூட் பண்ணா சரியாகி பத்து நாள்ல திரும்ப அதே கதை. மீதி 20 ஜிபிக்கு மேல எங்க போச்சு?

எங்கயும் போகல, நீங்க அழிச்சுட்டதா நினைக்கற அந்த லாக்தான் அது. யூனிக்ஸ்ல ஃபைல் பேரு வேற, ஃபைலோட சரக்கு வேற. ஆர்எம் பண்றது வாசல்ல மாட்டியிருக்கற பேர் பலகையைக் கழட்டற வேலை மட்டும்தான், உள்ள குடியிருக்கறவர் கிளம்பினாத்தான் வீடு காலி. உங்க அப்ளிகேஷன் அந்த லாகைத் திறந்து வெச்சுக்கிட்டு இன்னும் எழுதிட்டே இருக்கு, அது மூடற வரைக்கும் கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) இடத்தை விடாது. டியூ பேரைப் பாத்துப் பாத்துக் கூட்டறதால பேர் இல்லாதது அதோட கணக்குல வராது, டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தையே நேரா கேக்கறதால உண்மையைச் சொல்லுது. ரீபூட் பண்ணா எல்லா ப்ராசஸும் (ஓடிட்டிருக்கற ப்ரோக்ராம்) போயிடுது, அதனால இடம் திரும்ப வருது, நீங்களும் சரியாயிடுச்சுன்னு டீ குடிக்கப் போயிடறீங்க.

அடுத்த தடவை ஃபுல் ஆனதும் ரூட்டா (முழு அதிகாரம் இருக்கற யூசரா) எல்எஸ்ஓஎஃப் கமாண்டுக்கு +, கேப்பிட்டல் எல், 1, இது மூணையும் ஒட்டிப் போட்டு அடிங்க. பேர் கழட்டப்பட்டும் திறந்தே இருக்கற ஃபைல் மட்டும் வரும், கடைசில டெலீட்டட்னு போட்டிருக்கும், எந்த ப்ராசஸ், எத்தனை பைட்னு அதே வரில இருக்கும். அந்த ஒரு சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணா போதும். பகல்ல ஆர்டர் ஓடிட்டிருக்கு, அதுவும் முடியாதுன்னா, ப்ராக் ஃபோல்டருக்குள்ள அந்த ப்ராசஸ் நம்பர், அதுக்குள்ள எஃப்டி ஃபோல்டர்ல அந்த ஃபைலோட நம்பர் இருக்கும், அதை ட்ரங்கேட் பண்ணுங்க, அதாவது ஃபைலை விட்டுட்டு உள்ள இருக்கறதை மட்டும் காலி பண்ணுங்க, இடம் உடனே வந்துடும், சர்வீஸும் நிக்காது.

இனிமே ஓடிட்டிருக்கற லாகை ஆர்எம் பண்ணாதீங்க, ட்ரங்கேட் கமாண்ட்ல சைஸ் 0 போடுங்க. அதைவிட பழைய லாகை ஒதுக்கிட்டு புதுசு ஆரம்பிக்கற லாக்ரொட்டேட் எழுதிடறது மேல். ஆனா அதுலயும் ஒரு பொறி இருக்கு, ரொட்டேட் ஆன பிறகு அப்ளிகேஷன்கிட்ட "புது ஃபைலைத் திற"ன்னு சொல்லணும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினா திறந்துக்கும். அப்படிச் சொல்லிக் கேக்காத அப்ளிகேஷனுக்கு காப்பிட்ரங்கேட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ரெண்டு மூணு வரி தொலையலாம், பரவால்லன்னா போட்டுக்கோங்க.

இதே மாதிரி இன்னொரு கேஸும் வரும், டிஎஃப்ல 10 ஜிபி காலின்னு காட்டும், ஆனா ஃபைல் எழுதப் போனா நோ ஸ்பேஸ்னு சொல்லும். அப்ப டிஎஃப்க்கு ஹைஃபன் ஐ போட்டு ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணுன்னு வேணும்ங்கற பதிவு) தீந்துடுச்சான்னு பாருங்க. இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் சாதாரணமா 16 கேபிக்கு ஒரு ஐநோடுன்னு ஃபார்மட் பண்ணும்போதே ஒதுக்கிடும், 40 ஜிபிக்கு சுமார் 26 லட்சம். பிஎச்பி செஷன் ஃபைல் சுத்தம் பண்ணாம விட்ட ஒரு மெஷின்ல அத்தனையும் காலியானதை நான் பாத்திருக்கேன், ஃபோல்டர்ல எல்எஸ் அடிச்சா டெர்மினலே திரும்பி வரல.

மதுரை வாசகி: இமேஜ் அப்லோட் ஆகலைன்னு ஒரு வீடியோ பாத்து ஹோம் ஃபோல்டருக்கும் அதுக்குள்ள இருக்கற எல்லாத்துக்கும் 777 பர்மிஷன் (யார் வேணா படிக்கலாம், எழுதலாம்) ரிகர்சிவா போட்டுட்டேன் அண்ணா. அப்லோட் ஆச்சு. ஆனா மறுநாள் எஸ்எஸ்எச்ல (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள லாகின் ஆகற வழி) போனா பர்மிஷன் டினைட், பப்ளிக்கீன்னு வருது. கீயை மாத்தவே இல்ல, யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?

இல்லம்மா, சர்வரை உங்ககிட்ட இருந்து சர்வரே காப்பாத்திருக்கு. ஹோம் ஃபோல்டர்லயோ .எஸ்எஸ்எச் ஃபோல்டர்லயோ வேற யாரும் எழுதலாம்னு இருந்தா, உள்ள இருக்கற கீயை நம்ப மாட்டேன்னு எஸ்எஸ்எச்டி (சர்வர் பக்கம் ஓடற எஸ்எஸ்எச் ப்ரோக்ராம்) முடிவு பண்ணிடும், ஸ்ட்ரிக்ட்மோட்ஸ்னு அதுக்குப் பேரு, சொல்லாமலே ஆன்ல இருக்கும். நம்ம லேப்டாப் பக்கம் விவரமா காட்டச் சொல்லி எத்தனை வெர்போஸ் போட்டாலும் இந்தக் காரணம் தெரியாது, சர்வர்ல லாகின் விவரம் பதிவாகற ஆத் லாக்லதான் "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்"னு எழுதியிருக்கும்.

ஹோஸ்டிங் பேனல்ல கன்சோல்னு ஒண்ணு இருக்கும், அது வழியா உள்ள போங்க. ஹோம் 755, .எஸ்எஸ்எச் 700, ஆத்தரைஸ்ட் கீஸ் ஃபைல் 600. வெப்சைட்டுக்கு ஃபோல்டர் 755, ஃபைல் 644, அப்லோட் ஃபோல்டருக்கு மட்டும் ஓனரை வெப் சர்வர் யூசரா மாத்துங்க, அப்லோட் ஆகாததுக்கு நிஜக் காரணம் அதுதான். 777 போடச் சொல்ற வீடியோ வந்தா அங்கயே மூடிடுங்க.

வெளிய மாட்டிக்கறது எல்லாருக்கும் நடக்கறதுதான். நான் ஒரு ராத்திரி பதினொண்ணரைக்கு, எஸ்எஸ்எச்சோட போர்ட் 22ஐ அனுமதிக்காமலே ஃபயர்வாலை ஆன் பண்ணிட்டேன். இருந்த செஷன் ஓடிட்டே இருந்துச்சு, எல்லாம் நல்லாருக்குன்னு எக்ஸிட் அடிச்சுட்டு வந்துட்டேன், அவ்ளோதான், காலைல ஹோஸ்டிங்காரங்களுக்கு போன் போட்டு அசடு வழிஞ்சேன். அதுக்கப்புறம் ரெண்டு பழக்கம். ஒண்ணு, எஸ்எஸ்எச்ல எதைத் தொட்டாலும் பழைய டெர்மினலை மூடாம இன்னொண்ணுல புதுசா லாகின் ஆகிப் பாப்பேன். ரெண்டு, ஃபயர்வாலைத் தொடறதுக்கு முன்னாடியே "5 நிமிஷத்துல ஃபயர்வாலை ஆஃப் பண்ணு"ன்னு அட் கமாண்ட்ல ஒரு வேலையைப் போட்டு வெச்சுடுவேன். உள்ள வர முடிஞ்சா அந்த வேலையை கேன்சல் பண்ணுவேன், முடியலன்னா அஞ்சு நிமிஷம் பொறுத்தா கதவு தானா திறக்கும்.

உபுண்டு 24.04ல போர்ட் மாத்தறவங்களுக்கு ஒரு வார்த்தை: கான்ஃபிக்ல போர்ட்டை மாத்தி எஸ்எஸ்எச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணா பழைய போர்ட்லயே நிக்கும், ஏன்னா அங்க கதவைப் பிடிச்சுட்டு நிக்கறது, சர்வீஸ்களை நிர்வகிக்கற சிஸ்டம்டியோட சாக்கெட். டீமன் ரீலோட் பண்ணிட்டு எஸ்எஸ்எச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் பண்ணணும்.

சென்னை வாசகர்: லோட் ஆவரேஜ் 24ல நிக்குது, ஆனா டாப் கமாண்ட்ல பாத்தா சிபியு 90 சதவீதம் ஐடில். எது பொய்?

ரெண்டுமே நிஜம். லினக்ஸ்ல லோட்ங்கறது சிபியுவுக்கு க்யூல நிக்கற ஆளுங்களோட எண்ணிக்கை மட்டும் இல்ல, டிஸ்க் பதில் வராம உறைஞ்சு நிக்கற ப்ராசஸையும் சேத்துத்தான் எண்ணும். பிஎஸ் (ப்ராசஸ் பட்டியல்) அடிச்சா ஸ்டேட்ங்கற நெடுவரிசைல டி-ன்னு இருக்கறவங்க அவங்கதான், கில் 9 போட்டாலும் பெரும்பாலும் அசைய மாட்டாங்க. விஎம்ஸ்டாட் 1 ஓடவிட்டு பி, டபிள்யூஏ நெடுவரிசைகளைப் பாருங்க, ரெண்டும் ஏறியிருந்தா டிஸ்க்தான். என்எஃப்எஸ் மவுன்ட் (வேற சர்வரோட டிஸ்கை நெட்வொர்க் வழியா இணைச்சது) இருந்து அந்தப் பக்க சர்வர் செத்திருந்தாலும் இதேதான், டிஎஃப் அடிச்சா அதுவே தொங்கிப் போயிடுச்சுன்னா சந்தேகமே வேண்டாம்.

டாப்ல எஸ்டின்னு குட்டியா ஒரு எண்ணு இருக்கு பாருங்க, அது ஸ்டீல். உங்க விபிஎஸ்ஸுக்கு (ஒரே மெஷினைப் பல பேருக்குப் பிரிச்சுக் குடுக்கற வாடகை சர்வர்) வர வேண்டிய சிபியு நேரத்தை அதே மெஷின்ல இருக்கற பக்கத்து வீட்டுக்காரங்க சாப்பிடறாங்கன்னு அர்த்தம். அது நாள் முழுக்க 10க்கு மேல இருந்தா நீங்க என்ன ட்யூன் பண்ணாலும் உருப்படாது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஹோஸ்டிங்காரங்ககிட்ட வேற மெஷினுக்கு மாத்தச் சொல்லுங்க.

யாழ்ப்பாணம் வாசகர்: வணக்கம் அண்ணை. ஒரு பள்ளிக்கூடத்தின்ர சைட்டைப் பாக்கிறன். மைஎஸ்க்யூஎல் பேக்கப் கமாண்டைக் கையால ஓட்டினா வடிவா வேலை செய்யுது. குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டிற க்ரொன்ல போட்டா முதல்ல ஃபைலே வரேல்ல. பேரில இருந்த திகதியை எடுத்தாப் பிறகு ஒவ்வொரு நாளும் ஃபைல் வருது, ஆனா எல்லாம் 20 பைட்தான். என்ன பிழை?

20 பைட்ன்னு சைஸைக் கவனிச்சு எழுதினீங்க பாருங்க, அதுலயே பதில் இருக்கு. ஒண்ணுமே இல்லாததை ஜிஜிப் பண்ணா (சைஸ் குறைக்கச் சுருக்கினா) சரியா 20 பைட் வரும், தலைக்கு 10, வாலுக்கு 8, நடுவுல காலி டப்பாவுக்கு 2. அதாவது டேட்டாபேஸை எடுத்துக் குடுக்க வேண்டிய டம்ப் கமாண்ட் தோத்துப் போச்சு, பைப்புக்கு (ஒரு கமாண்டோட வெளியீட்டை அடுத்ததுக்குக் குடுக்கற குறி) அந்தப் பக்கம் ஜிஜிப் வெறுங்காத்தை நல்லா மடிச்சு பேக் பண்ணிக் குடுத்திருக்கு. பைப்ல கடைசி கமாண்ட் ஜெயிச்சா மொத்தமும் ஜெயிச்சதா கணக்கு, அதனால எங்கயும் எரர் காட்டாது.

ஏன் தோத்துச்சுன்னா, கையால ஓட்டும்போது உங்க யூசரோட ஹோம்ல இருக்கற பாஸ்வேர்ட் ஃபைலைப் படிக்குது, க்ரொன் வேற யூசர்ல ஓடினா அவரோட ஹோம்ல அது இருக்காது, பெரும்பாலும் இதுதான். இல்லன்னா பாத் (கமாண்டைத் தேடற ஃபோல்டர் பட்டியல்) பிரச்சனை, க்ரொனுக்குத் தெரிஞ்ச ஃபோல்டர் ரொம்பக் கொஞ்சம், கமாண்டை முழுப் பாதையோட எழுதுங்க. டம்ப் கமாண்டோட எரரை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டா நாளைக்குக் காலைல காரணம் அதுல எழுதியிருக்கும். மொத்தத்தையும் ஒரு பாஷ் ஸ்க்ரிப்டா எழுதி மேல பைப்ஃபெயிலை ஆன் பண்ணுங்க, நடுவுல யார் தோத்தாலும் தெரிஞ்சுடும்.

முதல்ல ஃபைலே வராததுக்குக் காரணம் வேற. திகதிக்காக நீங்க போட்ட % குறி க்ரொன்டாப்ல (க்ரொன் வேலைகளை எழுதற பட்டியல்) வந்தா அது புது வரின்னு அர்த்தம், கமாண்ட் அங்கயே வெட்டுப்பட்டுடும். முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போடணும். ஸ்க்ரிப்டுக்குள்ள எழுதினா அதுவும் வேண்டாம். இன்னொண்ணு, சர்வர் கடிகாரம் யூடிசில (உலகப் பொது நேரம்) இருந்தா ராத்திரி 2 மணின்னு நீங்க போட்டது நம்ம ஊர்க் கணக்குல காலை 7.30, பிள்ளைகள் சைட்டைத் திறக்கற நேரம்.

பேக்கப் ஓடுதுன்னு நம்பி ஏமாந்தவங்க லிஸ்ட்ல பெரிய கைங்களும் இருக்காங்க. 2017 ஜனவரி 31 அன்னிக்கு, கோட் சேமிச்சு வெக்கற சேவையான கிட்லேப்ல ஒரு இஞ்சினியர் ரெப்ளிகான்னு (நகல் சர்வர்) நினைச்சு மெயின் டேட்டாபேஸ் சர்வர்லயே டேட்டா ஃபோல்டரை அழிச்சுட்டார், சுமார் 300 ஜிபி. பேக்கப்பை எடுக்கலாம்னு போனா, போஸ்ட்க்ரெஸ் டேட்டாபேஸ் 9.6 ஓடற இடத்துல 9.2ஓட டம்ப் கமாண்ட் ஓடி தினமும் சத்தமில்லாம ஃபெயில் ஆயிட்டிருந்திருக்கு, அதைச் சொல்ல வேண்டிய மெயிலும் டிமார்க்ங்கற மெயில் சரிபார்ப்புப் பிரச்சனைல போய்ச் சேரவே இல்ல. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததாலதான் தப்பிச்சாங்க. அதனால தம்பி, மாசம் ஒரு தடவை அந்த ஃபைலை லேப்டாப்ல ரீஸ்டோர் பண்ணி, பிள்ளைகள் பட்டியல் வருதான்னு கண்ணால பாருங்க. ஒரு காப்பி வேற ஊர்ல இருக்கற சர்வருக்கும் போகட்டும். 2021 மார்ச் 10ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச் ஹோஸ்டிங் கம்பெனியோட டேட்டா சென்டர் கட்டடம் ஒண்ணு எரிஞ்சப்ப, பேக்கப்பையும் அங்கயே வெச்சிருந்தவங்களுக்கு ரெண்டுமே போச்சு.

கோவை வாசகர்: சர்ட்பாட் (லெட்ஸ் என்க்ரிப்ட்ல இருந்து சைட்டுக்கு இலவச சர்டிஃபிகேட் எடுக்கற கருவி) ரினியூ சக்சஸ்னு லாக்ல இருக்கு, ஃபைல்லயும் புது தேதி. ப்ரவுசர்ல மட்டும் எக்ஸ்பயர்டுங்குது.

என்ஜின்எக்ஸ் ஸ்டார்ட் ஆகும்போது படிச்ச பழைய சர்டிஃபிகேட்டை மெமரில வெச்சிருக்கு, அவ்ளோதான், ரீலோட் பண்ணுங்க. என்ஜின்எக்ஸ் ப்ளக்இன் வெச்சு எடுத்திருந்தா சர்ட்பாட்டே ரீலோட் பண்ணிடும், வெப்ரூட் முறைல எடுத்திருந்தா அதுக்குத் தெரியாது, ரினியூ ஆனதும் ஓடற டிப்ளாய் ஹூக்ல ரீலோட் கமாண்டை நீங்கதான் எழுதி வெக்கணும். செக் பண்றதை சர்வருக்கு உள்ள இருந்து பண்ணாதீங்க, வெளிய இருந்து ஓப்பன்எஸ்எஸ்எல்ல கனெக்ட் பண்ணி என்ன தேதி வருதுன்னு பாருங்க. லெட்ஸ் என்க்ரிப்ட் "எக்ஸ்பயர் ஆகப்போகுது"ன்னு மெயில் அனுப்பறதை 2025 ஜூன்ல நிறுத்திட்டாங்க, ஆக கண்காணிப்பு நம்ம தலைல. 2029 மார்ச்சுக்கு அப்புறம் எந்தக் கம்பெனி சர்டிஃபிகேட்டா இருந்தாலும் 47 நாள்தான் அதிகபட்சம், அதனால கையால பண்ணிக்கலாம்ங்கற ஐடியாவை இப்பவே விட்டுடுங்க.

சேலம் வாசகர்: சென்டோஸ் 7 லினக்ஸ்ல யம் (பேக்கேஜ் இறக்கிப் போடற கமாண்ட்) அடிச்சா பேஸ்யூஆர்எல் கிடைக்கலைன்னு வருது. வருஷம் 999 ரூபாய்க்கு அன்லிமிடெட் ஹோஸ்டிங் விளம்பரம் பாத்தேன், அங்க போயிடலாமா?

சென்டோஸ் 7 முடிஞ்சுபோன கதை, 2024 ஜூன் 30ஓட சப்போர்ட் நின்னுடுச்சு, பேக்கேஜ் எல்லாம் பழசை வெக்கற வால்ட் சர்வருக்குப் போயிடுச்சு. ரெப்போ அட்ரஸை வால்ட்டுக்கு மாத்தினா யம் ஓடும், ஆனா செக்யூரிட்டி ஃபிக்ஸ் ஒண்ணும் வராது. அதே மெஷின்ல அப்க்ரேட் பண்ணி மல்லுக்கட்டாதீங்க, டெபியனோ அல்மாலினக்ஸோ போட்டு புது விபிஎஸ் எடுத்து மாறிடுங்க.

அன்லிமிடெட்னு எழுதினவங்க நிபந்தனைப் பக்கத்துல பொதுவா ஐநோடு லிமிட்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, திருப்பூர்க்காரருக்கு மேல சொன்ன அதே ஐநோடு, மெயில் ஒவ்வொண்ணும் ஒரு ஃபைல்னு எண்ணினா சீக்கிரமே முட்டிடும். சின்ன கடை சைட்டுக்கு போதும், சொந்தமா சர்வீஸ் ஓட்டணும்னா விபிஎஸ்தான்.

மாறறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி டிஎன்எஸ் (சைட் பேருக்கு சர்வர் முகவரி சொல்ற பட்டியல்) டிடிஎல்லை, அதாவது பழைய பதிலை மத்தவங்க நினைவுல வெச்சுக்கற நேரத்தை, 300 செகண்டுக்குக் குறைங்க, புது சர்வரை உங்க லேப்டாப்போட ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல மட்டும் போட்டு சைட்டை முழுசா தட்டிப் பாருங்க, திருப்தின்னா டிஎன்எஸ்ஸை மாத்துங்க. மெயில் பழைய சர்வர்ல இருந்தா எம்எக்ஸையும் (மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற டிஎன்எஸ் பதிவு) மறக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் மறப்பாங்க. பழைய மெஷினை உடனே அழிச்சுடாம ஒரு வாரம் ஓடவிட்டு ஆக்சஸ் லாகைப் பாருங்க, ஆளுங்க யாரும் வராம வெறும் பாட் (தானா சுத்தற ப்ரோக்ராம்) ஹிட் மட்டும் வர ஆரம்பிச்சதும் அணைச்சுடலாம்.