தெரிந்தவர் வண்டிதான், ஆனாலும் பானெட்டைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நான் திருவண்ணாமலையில் பள்ளி ஆசிரியை. கணவரின் நண்பர் சென்னையில் வைத்திருக்கும் 2015 ஆல்டோ கே10 காரை 2.8 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். 52,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எங்களிடம் இருப்பது 3 லட்சம். தெரிந்தவர் என்பதால் மெக்கானிக்கோடு போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் 2.8 லட்சத்துக்கு வேண்டாம். மொத்தமே 3 லட்சம் என்றால் வண்டிக்கு இரண்டரைக்கு மேல் போகாதீர்கள். பழைய கார் வந்த மூன்று மாதத்துக்குள் டயர், பேட்டரி, கிளட்ச் என்று ஏதாவது ஒன்று செலவு வைக்கும். அப்போது நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடக் கூடாது.

நண்பர் ஏமாற்றுவார் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரியாத கோளாறு இருக்கலாமே.

காலையில் போங்கள். "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்; சூடான இன்ஜினில் சில கோளாறுகள் தெரியாது. என் முதல் காரைப் பார்க்கப் போனபோது பானெட் வெதுவெதுவென்று இருந்தது. "இப்பதான் கழுவறதுக்கு எடுத்தேன் சார்" என்றார் விற்றவர்; நம்பினேன். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை. ஆயில் குடிக்கிற இன்ஜின். பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த வேலைக்கே போயிற்று. ஆயில் மூடியையும் திருகிப் பாருங்கள். உட்புறம் வெண்ணெய்போல் அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது; ஹெட் காஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) வரை வேலை இழுக்கலாம்.

சென்னை வண்டி என்பதால் இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் வெள்ளம் இரண்டையும் அது பார்த்திருக்கக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை தெரிந்தால் வேண்டாம். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு, கால் வைக்கும் விரிப்புக்கு அடியில் புழுக்க வாசனை இருந்தாலும் அப்படித்தான். முழுகின வண்டியின் ஒயரிங் எந்த விலைக்கும் லாபமில்லை.

மற்றவை பேரத்துக்கு உதவும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் நின்றால் சரி. இரைந்துகொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம் தயாரானது. அவ்வளவு பழசு என்றால் நான்கையும் மாற்ற வேண்டும், பத்தாயிரத்தைத் தாண்டும். அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) வங்கிக் கடன் பதிவு இருந்தால், அதை நீக்கின பிறகே முழுப் பணம் கொடுங்கள். ஆர்.சி. 2030 வரைதான், பிறகு புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற மனு கொடுங்கள். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

கூச்சத்துக்கு வழி: "எங்க மெக்கானிக் அண்ணன் சென்னைக்குத்தான் வர்றார், அப்படியே ஒரு பார்வை பாத்துடுவார்" என்று கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.