பதிவுத் தாளை முதலில் வாங்குங்கள், பின்பலகை அப்புறம்

பழைய படகு வாங்கிப் பணம் முழுவதும் கொடுத்துவிட்டீர்கள், பின்பலகை, அதாவது எஞ்சின் மாட்டும் பின்புறப் பலகை, ஊறியிருக்கிறது, படகின் பதிவுத் தாள் வரவில்லை, கேட்டால் விற்றவர் "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார். சரி, இதில் எனக்கு அதிகம் உறுத்துவது தாள்தான். படகின் பின்புறம், வலப்பக்க மேல் ஓரத்தில் பொதுவாக உடல் எண், அதாவது அந்தப் படகின் அடையாள எண், பொறித்திருக்கும். அதையும் எஞ்சின் எண்ணையும் படமெடுத்துப் பதிவு அலுவலகத்தில் காட்டி, உரிமையாளர் யார், கடன் பாக்கி உண்டா என்று கேளுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் விற்றவரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே காவல் நிலையம்.

பின்பலகையை இப்போதே பழுது பார்த்துவிடாதீர்கள், சாட்சியே அதுதான். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள்: நல்ல மரம் 'டக்'கென்று கேட்கும், உளுத்தது 'தொப்'பென்று அமுங்கும். கீழ்ப்பக்கத் திருகு ஒன்றைக் கழற்றினால் பழுப்பு நீரும் மரத்தூளும் வருகிறதா? எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால், மறைத்து விற்றார் என்று காட்ட அது உதவும். படகு ஆய்வாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதுவரை எஞ்சினை மாட்டித் தண்ணீரில் இறக்கவே இறக்காதீர்கள். அதன் எடையும் உந்துவிசையும் அந்தப் பலகை மேல்தான்.

'உள்ளது உள்ளபடி' என்று தனியாள் விற்றால் குறைக்கு அவரைப் பிடிப்பது பெரும்பாலும் கஷ்டம். ஆனால் தெரிந்தே பொய் சொன்னது வேறு கணக்கு. விளம்பரத்தில் 'பின்பலகை உறுதி' என்று போட்டிருந்தாரா? அவர் அழிப்பதற்குள் சேமித்துவிடுங்கள். போனில் சண்டை வேண்டாம், கெடு தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள்.