ஒயினை முதலில் செய்தது யார்? 8,000 ஆண்டுகள் ஆகியும் அதன் ஈர்ப்பு ஏன் குறையவில்லை?

பலர் பிரான்ஸ் என்று நினைப்பார்கள். ஆனால் திராட்சை ஒயினுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று காகசஸ் பகுதி நாடான ஜார்ஜியாவில் இருக்கிறது. கடாச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்ற இரண்டு புதிய கற்கால ஊர்களின் பானை ஓடுகளில் டார்டாரிக் அமிலத்தின் தடயம் கிடைத்தது. காலம் ஏறக்குறைய கி.மு. 6000, ஆய்வு வெளியானது 2017இல். நம் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். ஆனால் அந்தப் பகுதியில் அது அதிகம் இருக்கும் பழம் திராட்சை.

தொடக்கம் தற்செயலாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். பழத்தின் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது. நசுங்கிய திராட்சையைப் பானையில் விட்டுவைத்தால் போதும், தானாகவே நுரைத்துப் புளிக்கும்.

அப்புறம் வந்ததுதான் கைத்திறன். ஜார்ஜியர்கள் முட்டை வடிவில் க்வெவ்ரி என்ற பெரிய மண்ஜாடி செய்து, உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்து வரை மண்ணில் புதைக்கிறார்கள். சாற்றோடு தோல், விதை, சில இடங்களில் காம்பும் சேர்த்து மூடி, ஐந்தாறு மாதம் விடுவார்கள். நிலத்தடியில் வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. புளிப்பது நிதானமாக நடக்கும். தோலோடு ஊறுவதால் வெள்ளைத் திராட்சையின் ஒயின்கூட தேன் போன்ற அம்பர் நிறம் பெறுகிறது. என்ன அழகான முறை! 2013இல் யுனெஸ்கோ இதை மரபுச் செல்வமாக ஏற்றது.

ஈர்ப்புக்குக் காரணம் போதை மட்டும் என்றால் மலிவான சாராயமே போதுமே. ஒரே தோட்டத்துத் திராட்சை, மழையும் வெயிலும் மாறினால் அடுத்த ஆண்டு வேறு சுவை தரும். செய்கிறவருக்கும் குடிப்பவருக்கும் அந்த எதிர்பார்ப்பு தீர்வதே இல்லை.