கரையை வெட்டாமல் கன்று நடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2003இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 16,500 ஏக்கர் உப்பளத்தை அரசும் சில அறக்கட்டளைகளும் 10 கோடி டாலருக்கு வாங்கின. நான் இருப்பது அதன் பக்கத்தில்தான். வேதாரண்யம் அருகே எங்கள் ஊரில் கைவிட்ட இறால் குட்டைகள் வீணாகக் கிடக்கின்றன. நண்பர்கள் சேர்ந்து கொஞ்சம் வாங்கி, வேலி போட்டு, அலையாத்தி நட்டு, இனி யாரும் விற்க முடியாதபடி எழுதி வைக்கலாமா?

க.

அன்புள்ள க.,

பிச்சாவரத்துச் சேற்றில் நின்றுவிட்டு வந்த மறுநாள் உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஊருக்காகக் கைக்காசைப் போட நினைக்கிறீர்களே, அந்த மனசு எல்லோருக்கும் வராது. பத்திர விஷயத்தை நல்ல வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் 'வீணாக' என்ற சொல் என்னைச் சுட்டது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பையும் அரசு ஏடுகளில் தரிசு என்று எழுதித்தான் குப்பை கொட்டினோம், வீடு கட்டினோம். பழைய சதுப்பில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் அதிகம். படித்த நீங்களும் அதே சொல்லை எடுக்கலாமா? வேலி எதற்கு, யாரைத் தடுக்க?

சரி, கன்றுக்கு வருகிறேன். பிச்சாவரத்தில் இறால் பிடிக்கும் ஓர் இருளர் அம்மா என்னை ஒரு மொட்டைத் திட்டுக்குக் கூட்டிப்போனார். கழுத்தில் இறால் போடும் பறிக்கூடை தொங்க, இடுப்பளவு நீரில் கையாலேயே சேற்றைத் தடவி இறால் எடுப்பவர். திட்டின் நடுவில் கால் வைத்தேன். உப்பு அப்பளம்போல் நொறுங்கியது. "இங்க தண்ணி ஏறும், இறங்காது" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கிருந்த அலையாத்திக் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்டு மண் காய்ந்து உள்வாங்கியது. அந்தப் பள்ளத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியில்லாமல் வற்றி, உப்பை விட்டுப்போனது. அதில் எத்தனை கன்று நட்டாலும் கருகும். 1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் மீன்முள்போலக் கிளைக்கால்வாய் வெட்டின. நீர் ஏறி இறங்கத் தொடங்கியது, உப்புக் குறைந்தது. அப்புறம்தான் கன்று பிடித்தது.

உங்கள் குட்டைகளிலும் இதே கதைதான். நாலு பக்கமும் கரை. உள்ளே கடல் வந்துபோய் எத்தனை வருஷமோ! தொண்ணூறுகளில் வெள்ளைப்புள்ளி நோயில் இறால் செத்து, 1996இல் கடலோர இறால் பண்ணைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தபின், போட்டது போட்டபடி போனவர்கள் கரையை வெட்டிவிட்டா போனார்கள்? நீங்கள் சொல்லும் உப்பளங்களிலேயே போய்ப் பாருங்கள். 2006இல் சில பாத்திகளின் கரையை உடைத்துவிட்டார்கள். ஏறி இறங்கும் கடல் ஓதம் வண்டலைக் கொண்டுவந்தது, செடி தானாக முளைத்தது. பக்கத்திலேயே இருந்துகொண்டு, விலையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்!

ஆயிரம் கன்று நட்டுப் படம் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடல் நன்றாக ஏறும் ஒரு பௌர்ணமிக்கு ஊருக்கு வாருங்கள். அங்கே வலை போடுகிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கரைமேல் நில்லுங்கள். நீர் எந்தப் பக்கம் முட்டுகிறது, வடியும்போது எங்கே தங்குகிறது என்று அவர் காட்டுவார். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.